தடுப்பூசி போடாத பிள்ளைகள்தான் ஆரோக்கியமாக இருக்கிறார்களா? அண்ணி அனுப்பிய அட்டவணை

எட்டுமாதஅம்மா:

மகளுக்கு எட்டு மாதம். அட்டையில் உள்ள ஊசிகளை இதுவரை ஒன்று விடாமல் போட்டாயிற்று. அடுத்து வருவது தட்டம்மை ஊசி. இந்த நேரம் பார்த்து அண்ணி ஓர் அட்டவணை அனுப்பியிருக்கிறார். ஒரு பக்கம் தடுப்பூசி போட்ட பிள்ளைகள், மறுபக்கம் ஒன்றுமே போடாத பிள்ளைகள். அலர்ஜி, காதில் சீழ், தோலில் கரப்பான், கவனக் குறைபாடு, ஆட்டிசம் என்று வரிசையாகப் போகிறது. எல்லாவற்றிலும் போட்ட பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அடியில் பொடி எழுத்தில் "666 பிள்ளைகள், வயது 6 முதல் 12" என்று இருக்கிறது.

அண்ணி கண்டதையும் பரப்புகிறவர் இல்லை. பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறார். அவருடைய மகனுக்கு ஆட்டிசம். ஒன்றரை வயதில் ஊசி போட்ட சில வாரங்களில், சொல்லிக்கொண்டிருந்த நாலைந்து வார்த்தைகளும் நின்றுபோயின என்பார். அந்தப் பையனை நானும் தூக்கி வளர்த்திருக்கிறேன். "சும்மா இருங்கள் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

ஊசி போட்ட அன்றைக்கு வருகிற காய்ச்சல் பற்றி எனக்குக் கவலை இல்லை. பத்து வருடம் கழித்து என்ன என்பதுதான் கேள்வி. போட்டவர்களையும் போடாதவர்களையும் யாராவது ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா? முட்டாள் என்று திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

நேரமில்லை:

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு கேள்வியா? பேசாமல் போய் ஊசியைப் போடுங்கள். அண்ணியின் எண்ணை முடக்கிவிடுங்கள்.

எட்டுமாதஅம்மா:

ஊசி போட மாட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்? பதில் தெரிந்தால் சொல்லுங்கள். அண்ணி என் வீட்டு மனுஷி, முடக்குவதற்கு அவர் என்ன விளம்பரமா?

பதிவறை:

666 என்ற எண்ணைப் பார்த்ததுமே அது எந்த ஆய்வு என்று தெரிந்துவிட்டது. நான் மருத்துவர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைப் பதிவறையில் வேலை. மருத்துவர்கள் எழுதி வைப்பதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய சர்வதேசக் குறியீட்டைக் கணினியில் ஏற்றுவதுதான் பிழைப்பு. ஆஸ்துமா என்றால் ஜே45. நடுக்காதில் சீழ் என்றால் எச்66. கரப்பான் எல்20. ஆட்டிசம் எஃப்84. இப்படிப்பட்ட அட்டவணைகளின் கச்சாப்பொருள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்களின் மேசையிலிருந்துதான் போகிறது. அதனால் ஓர் எண்ணைப் பார்த்தால், இது எப்படிப் பிறந்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

ஒரு நோய் எண்ணாக மாற வேண்டுமானால், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது கவனிக்க வேண்டும், மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும், அவர் அதற்கு ஒரு பெயர் எழுத வேண்டும், நான் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் நோய் இருக்கும், எண் இருக்காது.

இப்போது தடுப்பூசிக்கென்று வரும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். எடை பார்ப்பார்கள், உடுப்பைக் கழற்றச் சொல்வார்கள். "முழங்கை மடிப்பில் சொரசொரப்பாக இருக்கிறதே, சொறிகிறாளா?" என்று மருத்துவர் கேட்பார். அம்மா அதற்காக வரவே இல்லை, ஆனாலும் எல்20 பதிவாகிவிடும். ஒன்றரை வயது ஊசிக்கு வரும்போது, "பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா?" என்று கேட்பார். அங்கிருந்து தொடங்கும் எஃப்84 எத்தனையோ. ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டுப் பிள்ளை இந்த வாசலுக்கே குறைவாகத்தான் வருகிறது. அந்தப் பிள்ளைக்கும் கரப்பான் இருக்கலாம். பாட்டி எண்ணெய் தடவியிருப்பார், சரியாகியிருக்கும். என் கணினிக்கு அது தெரியாது.

அண்ணி அனுப்பிய ஆய்வில் என் போன்ற ஆள்கூடக் கிடையாது. 2017இல் வெளியானது. அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் தாய்மார்கள், பெயர் சொல்லாமல் இணையத்தில் நிரப்பிய படிவம் அது. 666 பேரில் 261 பிள்ளைகள் ஊசியே போடாதவர்கள். சாதாரணமாக எந்த ஊரிலும் இந்த விகிதத்தில் கிடைக்க மாட்டார்கள். அப்படியானால் யார் ஆர்வமாக வந்து படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். மருத்துவப் பதிவு எதையும் எடுத்துச் சரிபார்க்கவில்லை. அதே கட்டுரையில் இன்னொரு தகவலும் இருக்கிறது, அட்டவணை தயாரித்தவர் அதை விட்டுவிட்டார்: முந்தைய ஒரு வருடத்தில் வழக்கமான பரிசோதனைக்கு மருத்துவரிடம் போனவர்கள், ஊசி போட்ட பிள்ளைகளிடையேதான் அதிகம். நான் மேலே சொன்ன வாசல் இதுதான்.

சரி, ஒழுங்கான ஒப்பீடு உண்டா என்றால், உண்டு. மருத்துவமனைக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணாமல், தாங்களே ஆட்களைத் தேர்ந்தெடுத்துத் தேடிப் போனவர்கள் ஜெர்மனிக்காரர்கள். 2003 முதல் 2006 வரை நாடு முழுவதும் பிள்ளைகளின் உடல்நலக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அதிலிருந்து 13,453 பிள்ளைகளை எடுத்துப் பார்த்ததில், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அலர்ஜி நோய்களில் வித்தியாசம் தெரியவில்லை. தட்டம்மை, கக்குவான் மாதிரி ஊசி தடுக்கும் நோய்கள்தான் போடாதவர்களிடம் அதிகம் இருந்தன. குறை என்னவென்றால், போடாதவர்கள் வெறும் 94 பேர். அபூர்வமான ஒன்றை இவ்வளவு சிறிய கூட்டத்தில் பிடிக்க முடியாது.

அபூர்வத்தைப் பிடிக்க டென்மார்க்குக்குப் போக வேண்டும். அங்கே பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஊசியும் நோயும் அந்த எண்ணிலேயே ஏறும். பதிவறைக்காரன் கண்ணுக்கு அது சொர்க்கம். 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 6,517 பேருக்கு ஆட்டிசம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசி போட்டவர்களுக்கு அது கூடுதலாக வரவில்லை. அண்ணியின் அனுபவத்துக்கு நெருக்கமான இரண்டு விஷயங்களையும் தனியாகப் பார்த்தார்கள். ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் பிள்ளைகளுக்கு ஊசியால் ஆபத்து கூடுகிறதா? இல்லை. ஊசி போட்டபின் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்டிசம் குவிந்து தெரிகிறதா? அதுவும் இல்லை.

ஐயவாதி:

பதிவறை சார் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறார். 1999இல் ரோட்டாஷீல்டு என்ற வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்தை ஏன் திரும்பப் பெற்றார்கள்? குழந்தைகளுக்குக் குடல் செருகிக்கொண்டது. 2009இல் பன்றிக்காய்ச்சலுக்குப் போட்ட பாண்டம்ரிக்ஸ் ஊசியால் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் பிள்ளைகளுக்கு நார்கோலெப்சி வந்தது. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிற நோய், ஆயுசுக்கும் போகாது. 1955இல் கட்டர் நிறுவனத்தின் போலியோ ஊசியில் உயிருள்ள கிருமியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் முதலில் "பாதுகாப்பானது" என்றுதான் சொன்னார்கள்.

எதிர்ப்பாற்றலைத் தூண்டச் சில ஊசிகளில் சேர்க்கிற அலுமினியம் பற்றிக் கேட்டால், "தாய்ப்பாலில் இதைவிட அதிகம் இருக்கிறது" என்று ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். வாய்வழியே போவதும் தசைக்குள் போவதும் ஒன்றா? தட்டம்மை இயற்கையாக வந்துபோனால் ஆயுசுக்கும் எதிர்ப்பாற்றல் கிடைக்கிறதே, அதையும் யாரும் சொல்வதில்லை. பாதிப் பிள்ளைகளுக்குப் போட்டு, பாதிப் பிள்ளைகளுக்குப் போடாமல் நேர்மையாக ஒரு சோதனை நடத்த என்ன தடை?

பதிவறை:

நீங்கள் சொன்ன மூன்று சம்பவங்களும் உண்மை. கட்டர் விஷயத்தில் சுமார் 200 பேருக்குப் பக்கவாதம், 10 பேர் இறந்தார்கள். தாய்ப்பால் உதாரணத்திலும் உங்கள் பக்கம்தான் நான். குடல் உறிஞ்சுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் அந்த ஒப்பீடு அரைகுறையானது. அதைச் சொல்கிற மருத்துவர்கள் வேறு நல்ல காரணத்தைச் சொல்லலாம்.

நல்ல காரணம் ஒன்று 2025இல் வந்தது. அதே டென்மார்க்கில், 1997 முதல் 2018 வரை பிறந்த 12 லட்சம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, இரண்டு வயதுக்குள் ஊசிவழியாக எவ்வளவு அலுமினியம் உள்ளே போனது என்று கணக்கிட்டார்கள். பிறகு 50 நாட்பட்ட நோய்களைத் தேடினார்கள். ஆஸ்துமா, அலர்ஜி, உடலே உடலைத் தாக்கும் நோய்கள், ஆட்டிசம், கவனக் குறைபாடு எல்லாம் அதில் அடக்கம். அலுமினியம் கூடக்கூட நோய் கூடவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்: இது பெரும்பாலும் அதிகம் பெற்றவர்களையும் குறைவாகப் பெற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு. முக்கியக் கணக்கு ஐந்து வயதோடு நிற்கிறது. பதின்ம வயதில் தெரியவரும் நோய்களைப் பற்றி இது அதிகம் பேசாது.

ஆனால் உங்கள் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ரோட்டாஷீல்டு 1998 ஆகஸ்டில் அனுமதி பெற்றது, 1999 ஜூலையில் நிறுத்தப்பட்டது. குடல் செருகல் சுமார் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு, பெரும்பாலும் மருந்து கொடுத்த இரண்டு வாரத்துக்குள். அடுத்து வந்த இரண்டு ரோட்டா மருந்துகளையும் அதற்காகவே தலா 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகுதான் விட்டார்கள். பாண்டம்ரிக்ஸ் 2009 இலையுதிர் காலத்தில் போடத் தொடங்கினார்கள், 2010 ஆகஸ்டில் பின்லாந்தும் ஸ்வீடனும் எச்சரித்துவிட்டன. ஏறக்குறைய எல்லாமே ஊசி போட்ட சில நாட்களில், மிஞ்சினால் சில மாதங்களில் தொடங்கிய பாதிப்புகள். சில ஆயுசுக்கும் தங்கிவிட்டன, அது பெரிய கொடுமை. ஆனால் பத்து வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் புதிதாக முளைத்த ஒன்று இந்தப் பட்டியலில் இல்லை.

அப்படி ஒளிந்திருந்து வருவது ஒன்று எனக்குத் தெரியும். அது தட்டம்மையிலிருந்து வருவது. எஸ்எஸ்பிஇ என்ற மூளை அழற்சி நோய், குறியீடு ஏ81.1. ஒரு பையனின் கோப்பு என் மேசைக்கு வந்தது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு மதிப்பெண் சரிந்தது, கையெழுத்து மாறியது, வீட்டில் கண்டித்திருக்கிறார்கள். பிறகு சாப்பிடும்போது கை வெட்டி வெட்டி இழுத்தது, தட்டு விழுந்தது. மூளை அலைப் பதிவு எடுத்த பிறகுதான் தெரிந்தது. பழைய வரலாறு என்ற பகுதியில் ஒரே ஒரு வரி: "கைக்குழந்தையாக இருந்தபோது தட்டம்மை, தானாகக் குணமானது." அந்தக் கிருமி மூளையில் தங்கி, வழக்கமாக ஆறு முதல் பத்து வருடம் கழித்து இந்த நோயாக வரும். வந்தால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. கலிபோர்னியாவில் கணக்கெடுத்தபோது, ஐந்து வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் சுமார் 1,400 பேருக்கு ஒருவர் என்றும், ஒரு வயதுக்குள் வந்திருந்தால் சுமார் 600 பேருக்கு ஒருவர் என்றும் தெரிந்தது. நெடுங்கால விளைவு பற்றிக் கேட்பவர்களிடம் இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இயற்கையாக வந்தால் ஆயுசுக்கும் எதிர்ப்பாற்றல் என்றீர்கள். தட்டம்மைக்கு எதிராக, ஆமாம். மற்றதெல்லாம்? நெதர்லாந்தில் ஊசி போடாத 77 பிள்ளைகளிடம், தட்டம்மைக்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் உடம்பு அதுவரை சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரதங்களில், ஆளுக்கு ஆள் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. பழைய பதிவேடுகளையே எலி தின்றுவிட்ட மாதிரி. ஊசி போட்ட பிள்ளைகளிடம் அப்படி நடக்கவில்லை.

பாதிக்குப் பாதி சோதனை ஏன் இல்லை என்றால், பாதிப் பிள்ளைகளைத் தெரிந்தே தட்டம்மைக்கும் கக்குவானுக்கும் விட்டுவைக்க வேண்டும் என்பதால்தான். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2013 அறிக்கையில் இதைத்தான் சொன்னது. அதே அறிக்கை, முழுத் தடுப்பூசி அட்டவணையையும் ஒட்டுமொத்தமாகப் பார்த்த ஆய்வுகள் குறைவு, இருக்கும் பதிவுகளை வைத்து அதைச் செய்யுங்கள் என்றும் சொன்னது. அந்தக் குறை நியாயமானது. ஆனால் மனிதர்கள் முடிவு செய்யாத சோதனைகள் தானாகவே நடந்திருக்கின்றன. ஜப்பானில் மூன்று நோய் ஊசியில் இருந்த பொன்னுக்கு வீங்கிக் கிருமி, சிலருக்கு மூளை உறை அழற்சியை உண்டாக்கியது. 1993இல் அந்த ஊசியையே நிறுத்தினார்கள். அதன் பிறகு யோகோஹாமா நகரில் பிறந்த பிள்ளைகளிடம் ஆட்டிசம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? தொடர்ந்து ஏறிக்கொண்டேதான் போனது.

அமுதன்அப்பா:

இந்தப் பேச்சில் நான் தலையிட வேண்டாம் என்றுதான் இருந்தேன். அண்ணி என்ற வார்த்தைக்காக எழுதுகிறேன்.

என் மகனுக்கு முதல் வலிப்பு ஆறு மாதத்தில், ஊசி போட்ட அன்று மாலை காய்ச்சலோடு வந்தது. அரை மணி நேரம் நிற்கவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் "ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்று ஒரே வரியில் எங்களை அனுப்பிவிட்டார். சம்பந்தம் இல்லாமலா அன்றைக்கே வந்தது? அந்த ஒரு வரிக்குப் பிறகு யார் எந்த ஆய்வைக் காட்டினாலும் எங்களுக்குக் காது கேட்கவில்லை.

அடுத்த வலிப்பு சளிக் காய்ச்சலில் வந்தது. அதற்கடுத்தது வெந்நீரில் குளிப்பாட்டியபோது. அப்போதுதான் ஒரு நரம்பியல் மருத்துவர் மரபணுச் சோதனைக்கு எழுதினார். எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றம், நோயின் பெயர் டிராவே. உடம்பு சூடு ஏறினால் வலிப்பு வரும். காய்ச்சல் ஊசியால் வந்ததா, சளியால் வந்ததா என்று அந்த மரபணு பார்ப்பதில்லை. ஊசியால் மூளை பாதித்தது என்று முடிவு கட்டப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்து 2006இல் எழுதினார்கள், 11 பேருக்கு இதே மரபணுவில் மாற்றம் இருந்தது. அந்த மருத்துவர் இன்னொன்றும் சொன்னார்: "அன்று மாலை வலிப்பைக் கிளப்பியது ஊசிக் காய்ச்சல்தான். நோயைக் கொடுத்தது அது இல்லை." இரண்டையும் சேர்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அதற்குப் பிறகு மீதி ஊசிகளை, காய்ச்சல் மருந்தும் வலிப்பு நிறுத்தும் மருந்தும் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தோம். தட்டம்மை வந்து மூன்று நாள் கடும் காய்ச்சல் அடித்தால் இவன் தாங்க மாட்டான்.

அண்ணியிடம் அட்டவணையைப் பற்றிப் பேசுங்கள், 666 கதையைச் சொல்லுங்கள். அறிவியல் ஆசிரியர், அவருக்குப் புரியும். அவர் மகன் பேச்சு நின்றதைப் பற்றி மட்டும் வாதாடாதீர்கள். அது அவர் கண்ணால் கண்டது. அதற்குக் காரணம் என்ன என்று கண்டுபிடிக்க ஒருவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், எங்களுக்கு நடந்த மாதிரியே.

எட்டுமாதஅம்மா:

அமுதன் அப்பா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் தட்டத் தோன்றவில்லை. நன்றி. அண்ணியிடம் இந்த வாரம் நேரில் பேசுகிறேன், போனில் வேண்டாம்.

பதிவறை சார், ஏ81.1 பற்றி எங்கள் மருத்துவர்கூடச் சொன்னதில்லை. ஊசிக்கு நாள் வாங்கிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி. என் தங்கைக்குச் சிறுவயதில் காய்ச்சல் வலிப்பு வந்ததுண்டு. தட்டம்மை ஊசி போட்ட அன்று இரவு விழித்திருக்க வேண்டுமா?

செவிலி_தாமரை:

குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறேன், இதற்கு நான் சொல்கிறேன். அன்று இரவு தூங்குங்கள். தட்டம்மை ஊசியில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமி. அது உடம்பில் பெருக நாளாகும், அதனால் காய்ச்சல் வந்தால் ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரும். பலர் அதற்குள் ஊசியையே மறந்துவிட்டு, வேறு காய்ச்சல் என்று பதறி வருகிறார்கள். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள், காய்ச்சல் மருந்தை எடைக்கு எவ்வளவு என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லேசான தடிப்பு வந்தால் பயப்பட வேண்டாம்.

இந்த ஊசிக்குப் பின் காய்ச்சல் வலிப்பு வருவது சுமார் 3,000 முதல் 4,000 பேருக்கு ஒருவர். தங்கைக்கு வந்தது என்பதற்காக ஊசியை நிறுத்த மாட்டார்கள், ஆனால் போடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். வந்தாலும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை.

அப்புறம், குழந்தைக்கு அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ, ஸ்டீராய்டு மருந்து நாட்கணக்கில் கொடுத்திருந்தாலோ, முந்தைய ஊசி எதற்காவது மூச்சுத் திணறல் வந்திருந்தாலோ, அங்கே இருப்பவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கூட்டமான நாளில் நாங்கள் கேட்க விட்டுப்போவதும் உண்டு.